வேர் தேடுவோருக்கான இணைப்புப் பட்டியல்: செத்த இணைப்பை எடுப்பதா, வைப்பதா?

ஏட்டுச்சுவடி | சனி, காலை 7.12

வணக்கம் நண்பர்களே. வேர் தேடுவோருக்கான இணைப்புப் பட்டியல் ஒன்றை நான் ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டு வருவது இங்கே பலருக்குத் தெரியும். சென்னை, நாகப்பட்டினம், காரைக்கால் துறைகளில் கப்பல் ஏறி தென்னாப்பிரிக்காவின் நேட்டால், மொரீசியஸ், ரீயூனியன், மலாயா, பிஜி என்று போனவர்களின் கொள்ளுப்பேரன், கொள்ளுப்பேத்திகளுக்காகத் தொடங்கியது. எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, இணையத்தில் எவ்வளவு பார்க்கலாம், எதற்கு நேரில் போக வேண்டும் என்று ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே இரண்டு மூன்று வரி கையால் எழுதி வைத்திருக்கிறோம். மொத்தம் நானூற்றுச் சொச்சம்.

போன வாரம் டர்பனிலிருந்து ஓர் அம்மா மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய தாத்தாவின் அப்பா 1880-களில் போனவர். அவரைப் பற்றிக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது ஓர் எண் மட்டும்தான். ஒப்பந்தக் கூலியாக நேட்டாலில் இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு குடியேற்ற எண் கொடுத்தார்கள். பழைய கல்யாணப் பத்திரம் ஒன்றில் அந்த எண் இருந்திருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நம் பட்டியலில் ‘நேட்டால் கப்பல் பட்டியல்’ என்ற இணைப்பைத் தட்டியிருக்கிறார். வெற்றுப் பக்கம் வந்திருக்கிறது. அந்தப் பதிவேடே அழிந்துவிட்டதா என்று கேட்டு எழுதியிருந்தார்.

படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பதிவேடு பத்திரமாக இருக்கிறது. நான் கொடுத்திருந்தது ஓர் ஆர்வலர் தன் சொந்தப் பக்கத்தில் போட்டு வைத்திருந்த நகல். அந்தப் பக்கம்தான் போய்விட்டது. ஆனால் கடல் தாண்டி உட்கார்ந்து தேடுகிற ஒருவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? நம் பட்டியலில் ஓர் இணைப்பு செத்துக் கிடந்தால், ஆவணமே செத்துவிட்டது என்றுதான் அவர் எடுத்துக்கொள்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லா இணைப்பையும் திறந்து பார்ப்பது என் வழக்கம். இந்தத் தடவை வீட்டுச் சூழ்நிலையால் எட்டு மாதம் விட்டுவிட்டேன். நேற்று முதல் நூறைத் திறந்து பார்த்தேன். பதினேழு திறக்கவில்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன். திறக்காததை உடனே எடுத்துவிடலாமா? குறிப்போடு வைத்திருக்கலாமா? பட்டியலை இப்படியே பெரிதாக்கிக்கொண்டு போவதா, நூறாகக் குறைத்து அந்த நூறையாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதா?

நிரலி | சனி, காலை 9.40

அண்ணா, நானூறு இணைப்பைக் கையால் திறந்து பார்க்கிறீர்களா? தினமும் ராத்திரி தானாக ஓடி, திறக்காததை மட்டும் காலையில் உங்களுக்கு அஞ்சல் அனுப்புகிற மாதிரி ஒரு சின்ன நிரல் எழுதித் தருகிறேன். அரை நாள் வேலைதான். உங்கள் நேரத்தைப் புதிதாகத் தேடிச் சேர்ப்பதில் செலவழிக்கலாமே.

ஏட்டுச்சுவடி | சனி, மதியம் 1.05

நிரலி, கட்டாயம் எழுதிக் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். டிமாஸ் என்று தன்னார்வலர்களே நடத்திய இணைய அடைவு ஒன்று இருந்தது. 1998-இல் தொடங்கி 2017 மார்ச்சில் மூடினார்கள். அங்கே வம்சாவளிப் பிரிவில் கொஞ்ச காலம் தொகுப்பாளராக இருந்தேன். ரோபோசில்லா என்று ஒரு நிரல் அவ்வப்போது ஓடி, பதில் சொல்லாத இணைப்புகளைக் குறித்து வைத்துவிட்டுப் போகும். எடுப்பதா வைப்பதா என்று மனிதர்கள் பார்த்து முடிவு செய்வோம். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பதினேழை எந்த நிரலும் கண்டுபிடித்துவிடும். அது போக ஆறு இணைப்பு நன்றாகவே திறந்தது. அதில்தான் கோளாறு. ஒன்று கல்லறைக் கல்வெட்டு வாசகங்களைத் தொகுத்து வைத்திருந்த பக்கம். இப்போது திறந்தால் சூதாட்ட விளம்பரம். தளத்தின் பெயரைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார்கள், வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நிரலைக் கேட்டால் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லும். இரண்டு இணைப்பு, எதைத் தட்டினாலும் முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. உள்ளே இருந்த பதிவேட்டுப் பக்கத்தைக் காணோம்.

மிச்ச மூன்றும் இன்னும் மோசம். இணைப்பும் சரி, தளமும் சரி, நான் எழுதி வைத்த வரிதான் தப்பு. ‘மைக்ரோஃபிலிம் சுருளை உங்கள் ஊர் மையத்துக்கு வரவழைத்துப் பார்க்கலாம்’ என்று, வம்சாவளி ஆவணங்களைத் தேடித்தரும் ஃபேமிலிசெர்ச் தளத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன். சுருள் அனுப்புவதை அவர்கள் 2017-லேயே நிறுத்திவிட்டார்கள். சுருள்களைப் படமாக்கி இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். சிலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சிலவற்றை அவர்கள் மையத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும். இத்தனை வருடம் நம் வரியை நம்பி எத்தனை பேர் மையத்துக்கு நடந்திருப்பார்களோ.

கிள்ளான்காரி | சனி, மதியம் 2.30

பெரிதாக்க வேண்டாம் அண்ணா, குறைத்துவிடுங்கள். அமெரிக்காவில் சிண்டி இங்கிள் 1996-இலிருந்து நடத்தும் பட்டியலில் மூன்று லட்சத்துக்கு மேல் இணைப்பு. அது அவருடைய வாழ்நாள் வேலை. நமக்கு அது தேவையில்லை. தோட்டத்தில் பிறந்த என் அம்மாவின் அப்பா எந்த ஊர் என்று தேடுகிறவளுக்கு, மலேசியா என்ற தலைப்பின் கீழ் நாற்பது இணைப்பு இருந்து என்ன பயன்? முப்பத்தைந்து பொதுவான தளம்.

எனக்கு வேண்டியது ஓர் உண்மை. கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் மேற்பார்வையாளர், மூலம் மலாயாவுக்கு வந்தவர்களுக்கு நேட்டால் மாதிரி ஆள் ஆளுக்கு ஊர், தாலுகா, அப்பா பெயர் எழுதிய பட்டியலை எதிர்பார்க்காதே என்று யாராவது முதல் வரியிலேயே சொல்லியிருந்தால், நான் இரண்டு வருடம் கப்பல் பட்டியலைத் தேடி அலைந்திருக்க மாட்டேன். தோட்டத்துப் பதிவு, கோயில் நன்கொடைச் சிட்டை, பிறப்புப் பத்திரம் என்று நேரே அங்கே போயிருப்பேன். எங்களுக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. அடையாள அட்டையில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று போட்டு அப்பா பெயர், அவ்வளவுதான். ஒரு தலைமுறை பின்னால் போனால் அந்தப் பெயர் வேறு ஆகிவிடும். குடும்பப் பெயரை வைத்துத் தேடச் சொல்லும் தளத்துக்கு எல்லாம் இது பொருந்தாது என்று பட்டியலில் எழுதுங்கள்.

ஏட்டுச்சுவடி | சனி, மதியம் 3.15

கிள்ளான்காரி அக்கா, இதை அப்படியே மலேசியத் தலைப்பின் முதல் வரியாகப் போடுகிறேன். என்ன கிடைக்காது என்று எழுதவே எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை.

வல்லைவெளி | சனி, இரவு 8.50

ஏட்டுச்சுவடி அண்ணை, வணக்கம். டொரண்டோவில் இருந்து எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் இலங்கைத் தலைப்பில் நூலகம் தளத்தை ஒரே வரியில் ‘மின்நூலகம், 2005 முதல்’ என்று முடித்து விட்டீர்கள். வேர் தேடுகிற ஒருவருக்கு அந்த வரி காணாது.

எங்கட ஊர்களில் ஒருவர் மோசம் போனால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வாறவர்களுக்குக் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்துக் கொடுப்போம். நினைவு மலர் என்றும் சொல்லுவினம். கல்லில் வெட்டினது இல்லை, தாளில் அச்சடித்ததுதான், ஆனால் பெயர் அப்படி. முன்னால் ஒரு படம், பிறகு தேவாரம், பிறகு அவரின் சரித்திரம். கடைசிப் பக்கங்களில் பெரும்பாலும் வம்சாவளி இருக்கும். பூட்டன் எந்தக் குறிச்சி, பூட்டி எங்கிருந்து கலியாணம் செய்து வந்தவ, ஆருக்கு ஆர் பிள்ளை என்று கோடு போட்டுக் காட்டியிருப்பினம். இப்படியான மலர்கள் நூலகத்தில் நிறையக் கிடக்கின்றன.

என்ர அம்மாவின் தகப்பன் வழியை நான் கண்டுபிடித்தது அப்படித்தான். எங்கட குடும்பத்துக் கல்வெட்டு இல்லை, அயல் வீட்டுக்காரர் ஒருவரின் கல்வெட்டு. ஸ்கான் செய்த பக்கத்தில் கம்பி போட்ட இடத்துத் துருக்கறை அப்படியே விழுந்திருக்கு. அந்தக் கறைக்குப் பக்கத்தில், மூன்றாவது வரிசையில், சம்பந்தி என்று எங்கட பூட்டனின் பெயர். வீட்டில் இருந்த தாள் எல்லாம் இடம்பெயர்வில் போய்விட்டது. அயலவரின் தாளில் நாங்கள் இருந்தோம்.

அதனால் தயவுசெய்து எழுதுங்கள்: ‘உங்கள் குடும்பப் பெயரை மட்டும் தேடாமல், ஊர்ப் பெயரைப் போட்டு அந்த ஊரின் நினைவு மலர்கள் எல்லாவற்றையும் பாருங்கள்.’ இது அந்தத் தளத்தைப் பாவித்த ஆளுக்குத்தான் தெரியும்.

நிரலி | சனி, இரவு 9.20

வல்லைவெளி அண்ணா, அந்தத் துருக்கறையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

காலையில் நான் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். செத்ததைக் கண்டுபிடிப்பது மட்டும் நிரலின் வேலை. அதோடு பக்கத்தின் தலைப்பும் அளவும் திடீரென்று மாறினாலும் சொல்லும்படி எழுதுகிறேன், சூதாட்டப் பக்கம் அதில் மாட்டும். விளக்க வரியைத் தொடவே தொடாது.

குருசுக்குப்பத்தான் | ஞாயிறு, காலை 6.55

புதுச்சேரித் தலைப்பைக் கடந்த நாலு வருடமாகப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில் என் பங்கு.

பிரெஞ்சு இந்தியாவின் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் ஒரு படி பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் ஊரில் உள்ள கடல்கடந்த பிரதேசங்களின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. படம் பிடித்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஏட்டுச்சுவடி சார் முதலில் இதற்கு எழுதியிருந்த வரி, ‘புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு இறப்புப் பதிவுகள்’. தப்பில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் போகிறவர் பெயரைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார். ஊரையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்து, கையெழுத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். பல பதிவேடுகளின் கடைசியில் அந்த வருடத்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும், முதலில் அங்கே போவது நல்லது. அதைச் சேர்த்தேன்.

அப்புறம் எழுத்து. பிரெஞ்சுக்காரர்கள் நம் ‘உ’ ஓசையை ஓ, யூ என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துத்தான் எழுதுவார்கள். முத்து, சுப்பராயன் எல்லாம் ஆங்கில எழுத்தில் தேடுகிறவர் கண்ணில் படாது. ஒரே ஆளை அப்பா பதிவில் ஒரு விதமாகவும் பிள்ளை பதிவில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். ஆனால் சில பக்கங்களில் சாட்சிகள் கீழே தமிழிலேயே கையெழுத்துப் போட்டிருப்பார்கள். சந்தேகம் வந்தால் அந்தத் தமிழ்க் கையெழுத்தைப் பாருங்கள் என்று எழுதினேன்.

மூன்றாவது, 1881. அந்த வருடத்து ஆணைப்படி, தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். அதற்கு முன்னால் அந்தக் குடும்பப் பெயரைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்போது அந்தப் பெயரே இல்லை. இந்த ஒரு வரி பட்டியலில் ஏறிய பிறகு எனக்கு வரும் கேள்விக் கடிதம் பாதியாகக் குறைந்தது.

என் கட்சி இதுதான். ஒரு தளத்தில் தன் குடும்பத்தையோ, தெரிந்தவர் குடும்பத்தையோ ஒரு தடவையாவது தேடிப் பார்த்தவர்தான் அதற்கு விளக்கம் எழுதலாம். தேடாதவர் எழுதிய வரியை விட வரியே இல்லாமல் இருப்பது மேல்.

தாமிரபரணி | ஞாயிறு, காலை 10.30

நல்ல விவாதம். ஒரு சங்கடமான விஷயத்தைக் கேட்க வேண்டியிருக்கிறது. சமூகச் சங்கங்கள் நடத்தும் தளங்கள் இருக்கின்றன. குலம், கோத்திரம், குலதெய்வம், பட்டப்பெயர் என்று நிறைய விவரம் வைத்திருக்கிறார்கள். நம் பட்டியலில் ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்றே விட்டதா?

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, காலை 11.45

வேண்டுமென்றேதான் விட்டேன். அந்தத் தளங்கள் பலவற்றில் ஓர் ஆவணத்தின் படத்தைக்கூடப் பார்க்க முடியாது. இன்ன மன்னரின் வழி வந்தவர்கள் என்று எழுதியிருப்பார்கள், பக்கத்திலேயே வரன் விளம்பரம் இருக்கும். ஆவணத்தைக் காட்டினால் சேர்ப்பேன், பெருமையை மட்டும் காட்டினால் சேர்க்க மாட்டேன்.

ஆனால் குலதெய்வக் கோயில் விஷயத்தில் நான் தடுமாறுகிறேன். கடல் தாண்டிய பல குடும்பங்களுக்கு ஊர்ப் பெயர் மறந்துபோயிருக்கும், சாமி பெயர் மட்டும் நாக்கில் இருக்கும். எந்த ஊரில் அந்தச் சாமி என்று கண்டுபிடிக்க உதவும் கோயில் பட்டியலைச் சேர்ப்பதில் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

மலைநாட்டுப் பிள்ளை | ஞாயிறு, மதியம் 12.40

ஏட்டுச்சுவடி ஐயாவின் முடிவோடு நான் ஒத்துப்போகிறேன், காரணம் வேறு. எங்கள் குடும்பம் நுவரெலியாப் பக்கத் தோட்டம். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்து இப்போது நீலகிரியில் இருக்கிறோம். அப்பாவின் தாத்தா ஊரைவிட்டுக் கிளம்பினதே அந்த ஊர் அவரை நடத்திய விதத்தால்தான். தோட்டத்தில் பேர் பதியும்போது அவர் என்ன சாதி சொன்னார், கங்காணி என்ன எழுதினார், யாருக்கும் நிச்சயமில்லை. அப்படிப் பதிந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு சங்கத் தளத்துக்குப் போய் நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. கப்பல் பட்டியலில் சாதிக்கு ஒரு பத்தி இருக்கிறது, சரி, அது ஆவணம். ‘அங்கே எழுதியிருப்பது எழுதியவர் காதில் விழுந்தது, அவ்வளவுதான்’ என்று பட்டியலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

எங்கள் ஆட்களுக்கு உண்மையில் உதவுவது வேறு. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு யார் எந்த நாடு என்று நிரூபிக்க வேண்டி வந்தது. அந்த 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது, மூன்று லட்சம் பேரை இலங்கை ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதற்காக எத்தனையோ விண்ணப்பம், எத்தனையோ தாள். தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை இன்னும் பல வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இணைப்புப் பட்டியலில் எங்கள் தலைப்பின் கீழே முதல் வரியாக ‘இணையத்தில் தேடுவதற்கு முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள், குடும்ப அட்டையும் கடவுச்சீட்டும் இருக்கும்’ என்று போட முடியுமா? இணைப்பில்லாத வரிதான். ஆனால் எங்களுக்கு அதுதான் முதல் ஆதாரம்.

ஏட்டுச்சுவடி | ஞாயிறு, மதியம் 1.10

போடுகிறேன் தம்பி. இணைப்பில்லாத வரி பட்டியலில் இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

வல்லைவெளி | ஞாயிறு, மாலை 6.15

ஒரு யோசனை வந்தது. கல்வெட்டுகளில் உயிரோடு இருக்கிற பேரப்பிள்ளைகளின் பெயரும், இப்ப எந்த நாட்டில் இருக்கினம் என்பதும் இருக்கும். இணைப்பைக் கொடுக்கலாம், அது ஏற்கனவே வெளிவந்த புத்தகம். ஆனால் அதைப் பார்த்து ஆரும் உயிரோடு இருக்கிறவர்களின் விவரத்தை எங்கட விளக்கத்தில் எழுதக்கூடாது. ‘இதில் இன்ன ஊர்க் குடும்பங்கள் உண்டு’ என்ற அளவில் நிற்க வேணும். சில பேர் ஊரைவிட்டு ஏன் போனவை என்பது எங்களுக்குத் தெரியும்தானே.

தாமிரபரணி | ஞாயிறு, மாலை 6.40

முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ஏற்கனவே எழுதியதிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று நெல்லை, தூத்துக்குடிப் பகுதியை நான் பார்த்துச் சொல்கிறேன்.

தலைப்பைப் பற்றியும் ஒன்று. ‘வம்சாவளி’ என்பதை விட்டுக் ‘கொடிவழி’ என்று வைக்கலாமே. சுரைக்கொடி வேலியில் படர்ந்து போகிற மாதிரிதானே சொந்தமும் போகிறது.

கிள்ளான்காரி | ஞாயிறு, இரவு 7.30

அழகான சொல்தான். ஆனால் தேடுபொறியில் ‘கொடிவழி’ என்று யார் தட்டுவார்கள்? எங்கள் ஊரில் ‘வம்சம்’ என்றால்தான் புரியும். உள்ளே கொடிவழி என்று எழுதுங்கள், மேலே வம்சாவளி இருக்கட்டும்.

குருசுக்குப்பத்தான் | ஞாயிறு, இரவு 9.05

செத்த இணைப்புக் கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: எடுக்கக்கூடாது.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்து, அதன் தேடல் வசதிகள் எல்லாம் நீண்ட நாள் முடங்கிக் கிடந்தன. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றி லண்டனுக்கு அனுப்பிய படிகள் அங்கேதான் இருக்கின்றன. பெரும்பாலும் வெள்ளைக்காரர், கலப்பு வம்சத்தினர். அன்று திறக்காத இணைப்பை எல்லாம் நாம் எடுத்திருந்தால் அந்தப் பகுதியே பட்டியலில் இருந்து காணாமல் போயிருக்கும். ஆனால் நம் பட்டியலில் இணைப்போடு ‘ஐஓஆர்/என்/2’ என்ற அடுக்கு எண்ணும் இருந்தது. இணைப்பு விழுந்தாலும் எண் விழவில்லை. அந்த எண்ணை வைத்து ஒருவர் வேறொரு கட்டணத் தளத்தில் அதே தொகுப்பின் படத்தைப் பார்த்துவிட்டார்.

இணையமுகவரி வாடகை வீடு. அடுக்கு எண்தான் சொந்த ஊர். ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதை வைத்திருக்கும் காப்பகத்தின் பெயரும் அங்கே அதற்குக் கொடுத்த எண்ணும் முதலில், இணைப்பு அதற்குப் பிறகு.

நிரலி | ஞாயிறு, இரவு 9.50

சார் சொன்னது கணினிக்காரியான எனக்கே உறைக்கிறது. கூடவே ஒன்று. புது இணைப்பைச் சேர்க்கும் அன்றே இணையப் பக்கங்களின் நகலைப் பாதுகாக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்துவிடுங்கள். 2009-இல், சொந்தப் பக்கம் போட இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் மூடியபோது எத்தனையோ பேர் வருடக்கணக்கில் தொகுத்த குடும்பப் பக்கங்கள் அதோடு போயின. ஆர்வலர்கள் பதறி ஓடிப் பிரதி எடுத்ததில் ஒரு பகுதி மட்டும் பிழைத்தது. ஆனால் பெயரைத் தட்டித் தேடுகிற தரவுத்தளத்தை இப்படிச் சேமிக்க முடியாது. மேல் பக்கம் மட்டும் பதிவாகும், உள்ளே இருப்பது வராது. அதற்குச் சார் சொன்ன எண்தான் வழி.

ஏட்டுச்சுவடி | திங்கள், காலை 6.20

ராத்திரி முழுக்க உட்கார்ந்து நேட்டால் பதிவை மட்டும் திருப்பி எழுதினேன். எல்லாரும் சொன்னதை முடிந்தவரை சேர்த்திருக்கிறேன். படித்துப் பிழை சொல்லுங்கள். இது சரியாக வந்தால் மற்றதை இதே மாதிரி மாற்றலாம். இருநூறுக்குக் கீழே குறைந்தாலும் பரவாயில்லை.

‘நேட்டால் கப்பல் பட்டியல்கள், 1860 முதல் 1911 வரை. முதல் கப்பல் துரூரோ, சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத்தில் போன 1,52,184 பேரின் பதிவு. மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகவும் மற்றவர்கள் கல்கத்தா வழியாகவும் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று பத்திகள். சில பத்தி காலியாக இருக்கும்.

உங்களிடம் எண் இருந்தால் எண்ணை வைத்துத் தேடுங்கள். பெயரை வைத்துத் தேடாதீர்கள். முனுசாமி என்ற பெயரை எழுத்தர் ஏழெட்டு விதமாக எழுதியிருப்பார், அதே பெயரில் நூற்றுக்கணக்கானவர் இருப்பார்கள். இன்று உங்கள் குடும்பப் பெயராக இருக்கும் கவெண்டர், மூட்லி, பிள்ளை போன்றவை கப்பல் பட்டியலில் பெரும்பாலும் குடும்பப் பெயராக இராது.

சாதிப் பத்தியில் இருப்பது எழுத்தர் காதில் விழுந்தது. சொந்தச் செலவில் பயணியாகப் போனவர்கள் இதில் கிடையாது.

தட்டச்சு செய்த பட்டியல் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையத்தின் வழியாக. முகவரி திறக்காவிட்டால் மையத்தின் பெயரையும் கப்பலின் பெயரையும் எழுதிக் கேளுங்கள். பதிவு அழியவில்லை.’

இதற்குக் கீழே தேடிப் பார்த்தவர் பெயரும் கடைசியாகப் பார்த்த தேதியும்.

தாமிரபரணி | திங்கள், காலை 8.00

அருமை ஐயா. ‘பதிவு அழியவில்லை’ என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். ஒரு சேர்க்கை மட்டும் வேண்டும். ‘வட ஆற்காடு’ ஜில்லா என்று இருந்தால் உடனே வேலூர்ப் பக்கம் ஓடிவிடுவார்கள். அன்றைய வட ஆற்காட்டில் சித்தூரும் சேர்த்தி. 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அதிலிருந்த திருத்தணி 1960-இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. ஆக அந்த ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம், திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கலாம். பழைய தாலுகாவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஏட்டுச்சுவடி | திங்கள், காலை 8.35

சேர்த்துவிட்டேன், மிக்க நன்றி. இதே வட ஆற்காடுதான் எனக்கும் இப்போது வேண்டியிருக்கிறது. டர்பன் அம்மாவின் எண்ணை நேற்றிரவே பட்டியலில் எடுத்துவிட்டேன். தகப்பன் பெயர் தெளிவாக இருக்கிறது. ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வாலாஜா. இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருக்கிறார்கள். ஊர்ப் பெயர் புதூர். அந்தத் தாலுகாவில் புதூர் என்ற பெயரில் எத்தனை ஊர் இருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குப் பதில் எழுத மனமில்லை. பழைய தாலுகா வரைபடமோ கிராமப் பட்டியலோ யாரிடமாவது இருக்கிறதா?

மலைநாட்டுப் பிள்ளை | திங்கள், காலை 9.10

எங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய மாவட்டக் கையேடுகள் சில இருக்கின்றன ஐயா. வட ஆற்காடு இருக்கிறதா என்று இன்று மாலை போய்ப் பார்க்கிறேன். கிராமப் பட்டியல் இருந்தால் புதூர்கள் எல்லாவற்றையும் தாலுகாவோடு எழுதி அனுப்புகிறேன். அதுவரை அந்த அம்மாவுக்குத் தகப்பன் பெயரையாவது சொல்லிவிடுங்கள், காத்திருப்பார்.